கேஷும் காசும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் நம் வேர்ச்சொல் ஆர்வமும்

ஆங்கிலச் சொற்களுள் எத்தனை தமிழிலிருந்து சென்றவை என்னும் வினா, தமிழாசிரியர் கூடும் கருத்தரங்குகளில் ஓயாமல் எழும் வினாக்களுள் ஒன்றாகும். அவ்வினாவிற்கு விடையாக அடுக்கப்பெறும் பட்டியல்களில் கட்டமரான், கறி, செரூட் ஆகியவற்றோடு தவறாமல் இடம்பெறுவது 'கேஷ்' என்னும் சொல். காசு என்பதே கடல் கடந்து கேஷ் ஆயிற்று என்பர். ஒலி ஒத்திருக்கின்றது, பொருளும் ஒத்திருக்கின்றது, ஆதலின் ஐயத்திற்கே இடமில்லை என்பது பலரது துணிபு. இத்துணிபு பாதி உண்மை. பாதி உண்மை என்பதனாலேயே இதனை அப்படியே ஏற்பதும் முற்றாக மறுப்பதும் ஒருங்கே இயலாதனவாகின்றன. அவ்விரு பாதிகளையும் பிரித்துக் காட்டுவதும், அதன்வழி நம் பட்டியல்கள் உருவாகும் முறையை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வடிவம், பல சொற்கள்

ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி 'கேஷ்' என்னும் பெயர்ச்சொல்லை ஒரே பதிவாகத் தரவில்லை. ஒன்று, இரண்டு என எண்ணிட்டு வெவ்வேறு சொற்களாகப் பிரித்துத் தருகின்றது. முதலாவது, கையிருப்புப் பணம், ரொக்கம் என இன்று உலகெங்கும் வழங்கும் சொல். இரண்டாவது, தென்னிந்தியா, சீனா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளில் புழங்கிய சிறுமதிப்பு நாணயங்களுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். எழுத்தும் ஒலிப்பும் ஒன்றே எனினும் இவை உடன்பிறந்தவை அல்ல. நம் இலக்கணத்தில் பலபொருள் ஒருசொல் என்பதற்கும், தற்செயலாக ஒரே வடிவு பெற்ற இருவேறு சொற்கள் என்பதற்கும் உள்ள வேறுபாட்டினை மாணவர்க்கு எடுத்துரைக்க இதனினும் பொருத்தமான சான்று அரிது.

'கேஷியர்' என்பதிலும் இதே சிக்கல் உண்டு. பணம் பெறுவோரைக் குறிக்கும் கேஷியர் முதற்சொல்லின் வழிவந்தது. ஆயின், படையதிகாரி ஒருவரை அவமதித்துப் பணிநீக்கம் செய்தலைக் குறிக்கும் கேஷியர் என்னும் வினைச்சொல், பிரெஞ்சு மொழியின் 'காசே' என்பதிலிருந்து டச்சு மொழி வழியாக, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் போரிட்ட ஆங்கிலப் படையினரிடையே புகுந்ததாகும். நொறுக்குதல், செல்லாததாக்குதல் என்பன அதன் அடிப்பொருள்கள். பணத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

முந்திரியைக் குறிக்கும் 'கேஷ்யூ' இவற்றினின்றும் வேறானது. அது பிரேசில் நாட்டுத் தூபி மொழியின் 'அக்காஜு'. போர்த்துக்கீசியர் வாயில் 'கஜு' ஆகிப் பின்னர் ஆங்கிலத்திற்கு வந்தது. மலாயில் 'காஜுஸ்' எனப்படுவதும் அதுவே. 'காசுக்கு எட்டு' என்று கூவி விற்றமையால் கேஷ்யூ ஆயிற்று என்றொரு கதையைச் செவியுற்றிருக்கின்றேன். கதை சுவையானது, அந்த மரமோ அமெரிக்காவிலிருந்து வந்தது.

பெட்டியிலிருந்து பணம்

முதற் கேஷின் வரலாறு தெளிவானது. இலத்தீன் மொழியில் 'கப்சா' என்றால் பெட்டி. அதிலிருந்து இத்தாலியில் 'காசா', பிரெஞ்சில் 'கேஸ்', போர்த்துக்கீசியத்தில் 'கைஷா' ஆகியன தோன்றின. ஜான் புளோரியோ 1598இல் இலண்டனில் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, 'காசா' என்பதற்கு வணிகரின் கேஷ் என்றே ஆங்கிலத்தில் பொருள் தருகின்றது. அங்குக் கேஷ் என்பது பணம் அன்று. பணம் இடும் பெட்டி. பெட்டியைக் குறித்த சொல் காலப்போக்கில் பெட்டிக்குள் இருப்பதனைக் குறிக்கலாயிற்று. பின்னர்ப் பெட்டிப் பொருள் வழக்கிழந்தது. ஆங்கிலத்தின் 'கேஸ்' என்னும் பெட்டிப்பெயரும், மருந்துக்குளிகையைக் குறிக்கும் 'கேப்சூல்' என்பதும் இதே கப்சாவின் வழிவந்தவை. நீதிமன்ற வழக்கினைக் குறிக்கும் 'கேஸ்' மட்டும் விழுதல் என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் அடியிலிருந்து பிறந்தது.

இப்பொருள் மாற்றம் தமிழர்க்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. நம் கடைகளில் கல்லாப்பெட்டி உண்டு. 'கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்' என்னும்போது கல்லா இடம் அல்லது பெட்டி. 'இன்றைய கல்லா எவ்வளவு?' என்னும்போது அது பணம். 'கல்லா கட்டினார்' என்னும்போது வருவாய். இடத்தின் பெயர் அதிலுள்ள பொருளுக்கு ஆகிவருவதனை இடவாகுபெயர் என நம் இலக்கணிகள் வகுத்துள்ளனர். ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர், ஆங்கிலக் கேஷை அதற்குரிய அயன்மொழிச் சான்றாகவே காட்டலாம்.

எனினும் பொருள் பொருந்துவதனால் மட்டும் சொற்பிறப்பு உறுதியாகிவிடாது. ஒலிமாற்றமும் முறைமைப்படி அமைதல் வேண்டும். பிரெஞ்சின் 'ஸ்' ஒலி ஆங்கிலத்தில் 'ஷ்' ஆவது ஏன் என ஒருவர் வினவலாம். பழைய பிரெஞ்சின் 'லேஸ்' ஆங்கிலத்தில் 'லீஷ்' (நாயைப் பிணிக்கும் வார்) ஆயிற்று. 'பூசே' என்பது 'புஷ்' (தள்ளு) ஆயிற்று. 'ஆங்குவாஸ்' என்பது 'ஆங்குவிஷ்' (கடுந்துயர்) ஆயிற்று. பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் மாற்றம் இது. ஆகவே பிரெஞ்சு வடிவிலிருந்து கேஷ் தோன்றியது என்பதற்குப் பொருள், காலம், ஒலி ஆகிய மூன்று வகைச் சான்றுகளும் உள்ளன. காசு என்பதிலிருந்து இம்முதற் கேஷ் பிறந்தது என்பார் இம்மூன்றினுள் ஒன்றையேனும் காட்டியதாகத் தெரியவில்லை. ஒலி ஒத்திருக்கின்றது என்பதே அவர்தம் சான்றுகளின் தொடக்கமும் முடிவும்.

காசு சென்ற வழி

இனி, உண்மையாகவே தமிழோடு தொடர்புடைய இரண்டாம் கேஷுக்கு வருவோம். நம் பட்டியல்கள் பொருட்படுத்தாத வரலாறு இதுவே.

தமிழில் காசு என்பது தொடக்கத்தில் நாணயம் மட்டும் அன்று. மேகலையில் கோக்கும் மணி, பொன், பொற்காசு எனப் பல பொருள்களில் அது வழங்கியது. குறுந்தொகையில் வேப்பம்பழத்திற்கும் அகநானூற்றில் நெல்லிக்காய்க்கும் காசு உவமைப்பொருளாக வருவதனை நோக்கின், அது உருண்டு திரண்ட பொன்மணியாக இருந்தமை புலனாகும். குற்றம் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் வரும் 'காசறு' என்பதனை நினைவு கூர்க. யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்றாகவும் காசு நிற்கின்றது. சோழர் காலத்தில் அது முழுமையாக நாணயப் பெயராகிவிட்டது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், முதலீடாக வைத்த காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி என்னும் கணக்கு இடம்பெறுகின்றது. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை.

இச்சொல்லின் மூலம் குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம், இதனை எடையளவைக் குறிக்கும் 'கர்ஷ' என்னும் வடசொல்லோடு இணைக்கின்றது. கன்னடம், தெலுங்கு, துளு, மலையாளம் ஆகியவற்றிலும் இச்சொல் பரவலாக வழங்குவதும், மணி என்னும் பழம்பொருள் தமிழில் நிலைபெற்றிருப்பதும் அக்கருத்தினை எளிதில் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. எடை அலகின் பெயர் மேகலை மணிக்கு எவ்வாறு ஆயிற்று என்பதனை யூலும் பர்னலும் விளக்கவில்லை.

ஐரோப்பியருள் இச்சொல்லை முற்படக் குறித்தோருள் ஒருவர் இத்தாலியப் பயணி லுதோவிகோ தி வர்த்தேமா. 1510இல் வெளிவந்த அவரது பயண நூல், விசயநகரத்தில் 'காஸ்' என்னும் நாணயம் உண்டென்றும் 16 காஸ் ஒரு 'தாரெ' வெள்ளிக் காசுக்குச் சமம் என்றும் குறிப்பிடுகின்றது. போர்த்துக்கீசியரோ அதனைக் 'கைஷா' என்றனர். பெட்டிக்கு அவர்தம் மொழியில் வழங்கிய அதே வடிவம்! கேட்ட சொல்லைத் தமக்குப் பழகிய சொல்லின் வடிவில் வார்த்துக்கொள்வது மொழிக்கலப்பில் இயல்பு. இதில் மலையாளத்தின் பங்கும் இருந்திருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. மலையாளத்தில் இச்சொல் சகரத்திற்குப் பதில் 'ஷ'கரத்தை நெருங்கிய ஒலியோடு வழங்குகின்றது. போர்த்துக்கீசியர் 1498இல் வந்திறங்கிய கரையும் மலையாளக் கரையே. ஆகவே, 'தமிழ்க் காசு' என நாம் உரிமை கொண்டாடும்போது, அதன் ஒலியை ஐரோப்பியர் செவிக்கு முதலில் எட்டச் செய்தோர் மலையாளிகளாயிருக்கக் கூடும் என்பதனையும் கருத்திற்கொள்ளுதல் நேர்மையாகும்.

அதன்பின் அச்சொல் நம் வாயிலுக்கே வந்தது. 1512க்கும் 1515க்கும் இடையே தோமே பிரெஸ் எழுதிய 'சுமா ஓரியண்டல்', மலாக்காவில் புழங்கிய வெள்ளீயச் சில்லறை நாணயத்தை இப்பெயராலேயே சுட்டுகின்றது. புளோரியோவின் அகராதி வெளிவந்த அதே 1598இல், லின்ஸ்ஹோட்டனின் பயண நூல் ஆங்கில மொழிபெயர்ப்பாக இலண்டனில் வெளிவந்தது. சுந்தா நாட்டில் நடுவே துளையிட்ட செப்பு நாணயம் 'கைஷா' எனப்படுவதாகவும் அதனை நூற்றுக்கணக்கில் கயிற்றில் கோத்து வைப்பதாகவும் அது கூறுகின்றது. ஒரே ஆண்டில், ஒரே நகரில், இருவேறு சொற்கள் ஆங்கில அச்சில் அடுத்தடுத்து நிற்பதனை இங்குக் காண்கின்றோம்: ஒன்று பெட்டி, மற்றொன்று துளையிட்ட செம்பு. மேகலையில் கோத்த மணியின் பெயர் கயிற்றில் கோத்த நாணயத்திற்கு வந்து சேர்ந்தது தற்செயலே எனினும், காசுமாலை அணிந்தோரைக் கண்டு வளர்ந்த நமக்கு அது ஒரு மகிழ்ச்சி.

சீனரின் சதுரத்துளை நாணயத்திற்கும் ஐரோப்பியர் இப்பெயரையே இட்டனர். சீனர் தம் நாணயத்தை ஒருபோதும் அவ்வாறு அழைத்ததில்லை. இன்றும் நாணயவியல் நூல்கள் சீன, வியட்நாமிய நாணயங்களை 'கேஷ்' என்றே வகைப்படுத்துகின்றன. தென்னிந்தியச் சொல் ஒன்று, தென்னிந்தியாவோடு தொடர்பற்ற பேரரசு ஒன்றின் நாணயத்திற்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயராகியிருப்பது, நம் பட்டியல்கள் எவையும் சுட்டாத செய்தி.

சென்னையில் 80 கேஷ் ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 கேஷ். 1818இல் ரூபாய் அங்குத் தர நாணயமாகும் வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குகள் இம்முறையிலேயே எழுதப்பட்டன. கம்பெனி இங்கிலாந்தின் பர்மிங்காமில் 10 கேஷ், 20 கேஷ் நாணயங்களை அடித்துச் சென்னைக்கு அனுப்பியது. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையிலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிற்று. 1980களில் அந்நாணயங்கள் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. திருவிதாங்கூரிலோ இந்தக் கேஷ் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழக்கிலிருந்தது. 16 கேஷ் ஒரு சக்கரம், 448 கேஷ் ஒரு ரூபாய்.

சென்னைக் கோட்டைக் கணக்கர் ஒருவர் ஒரே பக்கத்தில் கையிருப்பு என்னும் பொருளில் ஒரு கேஷையும் சில்லறை என்னும் பொருளில் மற்றொரு கேஷையும் எழுதியிருக்க முடியும். அவ்விரண்டும் அவர் மனத்தில் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். ஆயினும் அது பிறப்பு உறவு ஆகாது.

ஒப்புமையும் உறவும்

உருவ ஒப்புமையே உறவுக்குச் சான்று எனக் கொள்வது எத்துணை ஏமாற்றம் தரும் என்பதற்கு, பணத்தைக் குறிக்கும் இன்னொரு சொல் சான்றாகின்றது. இலங்கைத் தமிழர் ரூபாயின் நூற்றிலொரு பங்கினைச் சதம் என்பர். ஆங்கிலத்தின் 'சென்ட்', மலாயின் 'சென்' ஆகியவற்றிற்கும் சதத்திற்கும் ஒலியில் ஒற்றுமை குறைவு. எனினும் இலத்தீனின் 'கெந்தும்', வடமொழியின் 'சதம்' ஆகிய இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து முறையான ஒலிமாற்றங்களின்வழிப் பிறந்தவை என்பது ஒப்பியல் மொழிநூலின் தொடக்கப் பாடம். நான் மேலைநாட்டில் ஆய்வு மேற்கொண்ட காலத்தில் மொழியியல் வகுப்புகளில் முதலில் எடுத்துக்காட்டப்பெற்றது இச்சொல்லே. வடிவில் விலகிய சென்டும் சதமும் உறவுடையன. வடிவில் நெருங்கிய முதற் கேஷும் காசும் உறவற்றன. இவ்விரு இணைகளையும் அருகருகே வைத்துக் காட்டினால் ஒரு வகுப்பு நேரத்தில் மாணவர் பெறும் தெளிவினை, நூறு சொல் கொண்ட பட்டியல் தர இயலாது.

கறியும் இத்தகையதே. உணவைக் குறிக்கும் ஆங்கிலக் 'கறி' தென்னிந்தியச் சொல் என்பதில் ஐயமில்லை. குதிரையைத் தேய்த்துவிடுதல், தோல் பதனிடுதல் ஆகியவற்றைக் குறிக்கும் 'கறி' என்னும் வினை பழைய பிரெஞ்சுச் சொல். ஒருவரிடம் இச்சகம் பேசிச் சலுகை பெறுதலைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர், பிரெஞ்சுக் கதையொன்றில் வரும் 'ஃபோவெல்' என்னும் குதிரையின் பெயரிலிருந்து வந்தது.

வேர்ச்சொல்லாய்வினைத் தமிழில் ஓர் இயக்கமாகவே வளர்த்தவர் தேவநேயப் பாவாணர். 1974இல் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் தலைமையை ஏற்றவர். மலேசியத் தமிழரிடையே அவர்பால் பற்றுடையோர் மிகப் பலர். தமிழ்ச் சொற்களின் உள்ளுறவுகளைக் காண்பதில் அவர்தம் கூர்மை போற்றற்குரியது. ஆனால் மேலை மொழிகளைத் தமிழோடு இணைக்கும் இடங்களில் அவர் வரலாற்றுச் சான்றினை விடுத்து ஒலியொப்புமையை நம்பினார் என்பதனை மறைத்துப் பேசுவது அவருக்கும் பெருமை சேர்க்காது. அவர்வழி நிற்போர் சிலர் அவரது உழைப்பினை விடுத்து முடிபுகளை மட்டும் எடுத்துக்கொண்டமை இன்னும் வருந்தத்தக்கது. ஆலன் ராஸ் என்னும் ஆங்கில மொழியறிஞர் 1952இல் 'ஜிஞ்சர்' என்னும் ஒரு சொல்லுக்காகவே தனி நூல் எழுதினார். இஞ்சி என்னும் திராவிடச் சொல்லின் உலகப் பயணத்திற்கு அத்தகைய உழைப்பு கிட்டியது. நம் சொற்களுக்கு நாம் அத்தகைய நூல் எத்தனை எழுதியுள்ளோம்?

இப்பட்டியல்களின் மற்றொரு குறை, அவை விட்டுவிடும் சொற்களில் உள்ளது. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றதென ஐயமின்றிச் சொல்லத்தக்க சொற்களுள் 'பறையா' என்பது ஒன்று. சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் எனும் பொதுப்பொருளில் இன்று ஆங்கிலச் செய்தித்தாள்களில் அது அன்றாடம் புழங்குகின்றது. நாடுகளுக்கே அடையாக வருகின்றது. நான் கண்ட பெருமைப் பட்டியல்களில் அதற்கு இடமில்லை. 'கூலி' என்பதும் அவ்வாறே. அது நம் கூலியிலிருந்து வந்ததா, குசராத்தின் கோலி எனும் இனப்பெயரிலிருந்து வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; ஹாப்சன்-ஜாப்சன் பின்னதன் பக்கம் சாய்கின்றது. தோட்டப்புற வரலாறுடைய நம் சமுதாயத்திற்கு அவ்வாய்வு தலையாயது. ஆயினும் கட்டுமரத்தைப் பற்றிப் பேசும் ஆர்வத்தில் பத்திலொரு பங்கும் அதற்குச் செலுத்தப்படவில்லை.

அதன் விளைவினை நாம் கண்டோம். அப்துல்லா ஹுசேன் 1971இல் வெளியிட்ட 'இந்தர்லோக்' நாவல் 2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலானபோது, அதில் இடம்பெற்ற 'பாரியா' என்னும் சொல் பெரும் எதிர்ப்பினைக் கிளப்பிற்று. அவ்வாண்டின் இறுதியில் நூல் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் அச்சொல் நம் மொழியில் என்ன பொருளில் இருந்தது, சாதிப்பெயர் எவ்வாறு வசைச்சொல்லாயிற்று, அவ்வாறு ஆக்கியதில் ஐரோப்பியர்க்கும் நம்மவர்க்கும் உள்ள பங்கு யாது என்பனவற்றை அப்போது எடுத்துரைக்கும் தகுதி தமிழ்ச் சொற்பிறப்பியல் அறிந்தோர்க்கே இருந்தது. பொதுவெளியில் அக்குரல் மெலிந்தே ஒலித்தது. பெருமை தரும் சொற்களை மட்டும் தேடிப் பழகிய துறைக்கு, வலி தரும் சொல் வந்தபோது கைகொடுக்கும் கருவி இல்லாமற் போயிற்று.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இன்று ஒரு மாணவர் ஆசிரியர் கூறும் சொற்பிறப்பினை அவ்வகுப்பு முடிவதற்குள் இணையவழி அகராதியில் சரிபார்த்துவிடுகின்றார். கேஷ் என்பதற்குப் பிரெஞ்சு மூலம் தரப்பட்டிருப்பதனைக் கண்டதும், ஆசிரியர் கூறிய ஏனையவற்றையும் ஐயுறத் தொடங்குகின்றார். பிழையான ஒரு சொல்லுக்காக, உறுதியான சான்றுடைய இஞ்சியும் கட்டுமரமும் தேக்கும் மிளகுத்தண்ணீரும் நகைப்பிற்கு இடமாகின்றன. பிறதுறைப் பேராசிரியர் முன்னிலையில் ஆய்வேட்டினை அளிக்கும் தமிழ் மாணவர்க்கு இவ்விழப்பு இன்னும் பெரிது.

பயிற்சியாசிரியர்க்கு நான் தரும் பணி எளியது. ஒரு சொல்லை எடுத்துக்கொள்க. அயன்மொழியில் அது முதலில் பதிவான ஆண்டினைத் தேடுக. அந்த ஆண்டில் அம்மொழியினர் நம்மோடு பழகும் வாய்ப்பு இருந்ததா எனக் காண்க. இடையே அதனைச் சுமந்து சென்ற மொழி எது எனக் கேட்க. மலாய் மொழியிலிருந்து தொடங்குவது நன்று. கெடை, கப்பால், மோடால், பெத்தி ஆகியன கடை, கப்பல், முதல், பெட்டி ஆகிய நம் சொற்களே. இவற்றை எடுத்துச் சென்றோர் வணிகர் என்பதனை அச்சொற்களே காட்டும். இரும்புப் பணப்பெட்டியை மலாய்க்காரர் 'பெத்தி பெசி' என்கின்றனர். இலத்தீனின் பெட்டி ஆங்கிலத்தில் பணமாயிற்று. தமிழின் பெட்டி மலாயில் பணத்தைக் காக்கின்றது.

ரொக்கம் என்னும் சொல்லையும் இப்பயிற்சியில் சேர்க்கலாம். ஆங்கிலக் கேஷுக்கு நேராக நாம் எழுதும் அச்சொல், மராத்தியிலும் குசராத்தியிலும் உள்ள ரோக், ரோக்கட் என்பனவற்றின் உறவு. காசைக் கேஷின் தாய் என்று முழங்கும் மேடைகளிலும், நன்கொடை விவரம் அறிவிக்கும்போது ரொக்கம் என்றே படிக்கின்றனர்.

காசு என்னும் சொல்லோ இங்கு வேறொரு வாழ்வு பெற்றுள்ளது. தமிழகத்தில் பைசாவும் இலங்கையில் சதமும் நிலைபெற்றபோது, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வெள்ளியின் நூற்றிலொரு பங்கினைக் காசு என்றே அழைத்துவந்துள்ளனர். ஐம்பது காசு, இருபது காசு என நம் மாணவர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் எண்ணிக் கொடுப்பது, தோமே பிரெஸ் மலாக்காவில் கேட்டெழுதிய பெயரை. இவ்வழக்கு எப்போது, எந்தத் துறைமுகத்தில், எந்த நாணயத்தோடு தொடங்கிற்று என்பதனை நாளிதழ்க் கோப்புகளையும் வணிகர் கணக்கேடுகளையும் கொண்டு ஆராய ஒரு முதுகலை மாணவர் முன்வரின், வழிகாட்ட நம் துறையில் இடமுண்டு.